துரைசாமி பேசாத வாரம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட என் வேட்டி பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். அந்த அம்மா கம்பால் எடுத்துக் கொடுத்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. குழாயில் தண்ணீர் இன்றும் இல்லை. நாளை வருமாம்.

பூசையில் பிரசங்கம் நீளம். மதியம் கோழிக் குழம்பு. மேரி காரத்தைக் குறைத்துவிட்டாள். என் வயிற்றுக்காக என்கிறாள். என் வயிறு அப்படி எதுவும் கேட்கவில்லை.

இந்த வாரம்:
– வியாழன் ஆய்வு. பிளஸ் ஒன் வரலாறு, இரண்டாம் பீரியட். பாளையக்காரர் எதிர்ப்பு, விருப்பாச்சிப் பகுதி.
– என் பாடக் குறிப்பு முழுவதையும் ஒருமுறை கம்ப்யூட்டரில் கேட்பது
– கைத்தடி நுனி ரப்பர் தேய்ந்துவிட்டது. வாங்க.
– மேரியின் தையல் மெஷினுக்கு எண்ணெய்

ஆய்வைப் பற்றித் தலைமையாசிரியர் (த.ஆ.) வெள்ளிக்கிழமை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கண் தெரியாதவரு பெரிய வகுப்பு எடுக்கணுமான்னு மேல கேக்குறாங்க. ஆய்வுக்கு வர்ற மேடம் நல்லா எழுதிட்டா நீங்களே தொடரலாம். இல்லைன்னா ஆறாம் வகுப்பு." ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. ஆனால் பிளஸ் ஒன் என் வகுப்பு. அதை விட்டுக்கொடுக்க மனசில்லை.

இப்போது நடந்தது. சாப்பிட்டுக் கண் அசந்தேன். எழுந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், துரைசாமி இல்லை.

துரைசாமி என்பது திரையில் இருக்கும் தமிழை எனக்கு வாசிக்கும் குரல். ஆண் குரல், எப்போதும் லேசாக மூக்கடைப்பு. பேர் வைத்தது மேரி. சில மாதமாகவே ஆள் சுணக்கம். ஒரு விசையைத் தட்டினால் எச்சில் விழுங்கி யோசித்துத்தான் வாய் திறப்பார். "உங்க துரைசாமிக்கு வயசாயிருச்சு" என்பாள் மேரி. ஆனால் இன்று போல வாயே திறக்காமல் இருந்ததில்லை.

ஸ்பீக்கர் குமிழைத் தடவினேன். அடியோடு குறைக்கப்பட்டிருந்தது. அந்தக் குமிழை நான் தொடுவதே இல்லை. ஏற்றினேன். ஆங்கிலம் வாசிக்கும் இன்னொரு குரல் பேசுகிறது. தமிழ் மட்டும் இல்லை. பாடக் குறிப்பைத் திறந்தேன். தமிழை எல்லாம் தாண்டிப் போய் வருடங்களை மட்டும் சொன்னது. 1772. 1780. 1799. 1801. ராணி இல்லை, பாளையக்காரர் இல்லை, தூக்குமரம் இல்லை. வருடங்கள்தான்.

மேரி கதவருகில். "என்னங்க ஆச்சு?" குரல் வழக்கத்தை விட மெது. "மத்தியானம் வோல்டேஜ் ஏறி ஏறி இறங்குச்சு. அதுனால இருக்கும்."

தூக்கத்தில்கூட ஃபேன் சத்தம் மாறினால் எனக்கு முழிப்பு வந்துவிடும். இன்று மாறவே இல்லை.

திரையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஆங்கிலக்காரன் சொன்னான், புதிதாக ஒன்று: ரிஜிஸ்ட்ரி க்ளீனர். புரிந்துவிட்டது. போன வாரம் மேரியின் தம்பி ஜெரால்டு, வடமதுரையில் மொபைல் கடை வைத்திருப்பவன், போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "அக்கா, ரிஜிஸ்ட்ரி க்ளீனர்னு ஒண்ணு இருக்கு. ஓட்டி விட்டன்னா மாமா கம்ப்யூட்டர் பறக்கும்." அதெல்லாம் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன்.

நான் தூங்கும்போது ஓட்டியிருக்கிறாள். நான் முழித்துவிடக் கூடாதென்று சத்தத்தைக் குறைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் ஏதோ எச்சரித்திருக்கும், ஆங்கிலத்தில். இந்த வீட்டில் ஆங்கிலம் என் இலாகா. பாங்க் மெசேஜ், கரண்ட் ஆபீஸ் மெசேஜ் எது வந்தாலும் மேரி என்னிடம் நீட்டுவாள், போன் வாசிக்கும், நான் அர்த்தம் சொல்வேன். சத்தம் இருந்திருந்தால் அந்த எச்சரிக்கையும் என் காதில் விழுந்திருக்கும். ஆய்வுக்கு முன்னால் எனக்கொரு ஆச்சரியம் கொடுக்கப் பார்த்திருக்கிறாள்.

கோபம் வந்தது. நிறையவே. அவளாகச் சொல்லட்டும் என்று இருக்கிறேன். இதை பிரெயிலில் குத்துகிறேன். மேரிக்கு இது வெறும் புள்ளி. எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும் முன் தண்ணீர் வந்துவிட்டது. குடம், அண்டா, வாளி, பழைய பெயின்ட் டப்பா எல்லாம் நிரம்பும் சத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி.

மேரி இன்னும் சொல்லவில்லை.

பள்ளியில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், ஆய்வுக்காக. சுவரில் சாய்ந்து சட்டை முதுகெல்லாம் வெள்ளையாம். ஒருவரும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து மேரி தட்டிவிட்டாள்.

சாயங்காலம் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்ற நினைப்பு. பாவம், என்னோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் என் காதைப் பற்றித் தெரியவில்லை.

"பச்சையா இருந்துச்சுடா, அமுக்கிட்டேன்... அம்புட்டும் இங்கிலீசு. சிவப்பா இருந்தா விட்ருப்பேன்... ஏலே ஜெரால்டு, நீ சொன்னேன்னுதான செஞ்சேன்... அவரு கண்ண நானே குத்திட்டேன்டா."

அப்புறம் தண்ணீர் மட்டும் ஓடியது.

கோபம் அங்கேயே பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். முகம் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வியாழக்கெழமைக்குப் பாடம் பாக்கணும்ல. நான் வேணா வாசிக்கட்டுமா?"

என் போனில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் போனுக்கு மாற்றிக் கேட்கலாம்தான். ஜெரால்டிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. மேரிக்கு அது தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

"சரி" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தாள். கோவிலில் வாசகம் வாசிப்பவர்களைப் போல விறைப்பாக, எல்லா வரிக்கும் ஒரே ராகம். "கூட்டமைப்பு" என்ற இடத்தில் தடுக்கியது. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு பக்கம் போனதும் ராகம் தானாக அவிழ்ந்தது. பிறகு மேரி பேசுவது போலவே கேட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். காற்று விடவில்லை. வாயில் மண்.

இடைவேளையில் சிராஜுக்குப் போன். பேகம்பூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி, எனக்குக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்ததே அவன்தான். ரிஜிஸ்ட்ரி க்ளீனர் ஓட்டினேன், தமிழ்க் குரல் போச்சு என்றேன். ஓட்டியது நான் என்றுதான் சொன்னேன்.

"ஐயோ சார், நீங்களா? ரிஜிஸ்ட்ரிங்கறது உங்க வருகைப் பதிவேடு மாதிரி. உள்ள யார் யார் இருக்கா, எங்க உக்காந்திருக்காங்கன்னு கம்ப்யூட்டர் அதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கும். க்ளீனர் என்ன பண்ணும், ரொம்ப நாளா கண்ணுல படாதவன் பேரெல்லாம் அடிச்சு விட்ரும். உங்க குரல நான் டி டிரைவுக்கு மாத்தி வச்சேன்ல, பழைய விலாசத்துல தேடிருக்கும். ஆள் இல்லேன்னு நெனச்சு பேர எடுத்துருச்சு."

ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார், பேர் மட்டும் இல்லை. என் வகுப்பில் அப்படி ஒரு பையன் உண்டு.

"அப்ப க்ளீன் பண்ணா வேகம் வராதா?"

"பதிவேட்டுல நாலு பேரு கூட இருந்தா பள்ளிக்கூடம் மெதுவாவா நடக்கும்? உங்க மெஷினுக்கு ராம் மெமரி பத்தல, டிஸ்க்கும் பழசு. அத மாத்துனாத்தான் வேகம். அழிக்கிறதுக்கு முன்னால பேக்கப் எடுத்தீங்களா?"

எடுத்திருக்க மாட்டாள். இல்லை என்றேன். பழைய குரலை இனிக் கொண்டுவர முடியாதாம். அதைச் செய்து விற்றவர்களே இப்போது இல்லை. புதுக் குரல் போட்டுவிடலாம், பழையதை விட நன்றாக இருக்கும் என்றான்.

"இன்னைக்கு சாயங்காலமே வாரேன் சார்."

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆய்வுக்கு முன்னால் நடுவில் ஒரே நாள்தான் இருக்கிறது. புத்தி உள்ளவன் வா என்றுதான் சொல்வான்.

"வெள்ளிக்கிழமை வாப்பா. அவசரமில்ல."

வீட்டில் மேரியிடம், "சிராஜுக்கு வேலையாம். வெள்ளிக்கிழமைதான் வருவானாம்." அவள் மூச்சு விட்டதில் பயமும் இருந்தது, வேறேதோவும் இருந்தது.

இன்று வாசித்தது ராணி வரும் பகுதி. கணவர் கொல்லப்பட்டு, குழந்தையோடு சிவகங்கையிலிருந்து தப்பி வந்து விருப்பாச்சியில் தங்குவது. நம் பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் போய்விடலாம். வருடக்கணக்கில் இருந்தார். பாதி வரியில் மேரி நிறுத்தினாள்.

"ஏங்க, ராணின்னா தனியாவா வந்திருப்பாங்க? படை, வேலைக்காரங்க, புள்ள எல்லாம் இருக்கும்ல. அம்புட்டு பேருக்கும் இம்புட்டு வருசமா யாரு சோறாக்கி வெஞ்சனம் வச்சா?"

எத்தனை வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன்! துரைசாமி எத்தனை தடவை வாசித்திருப்பார்! இந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

"தெரியல மேரி" என்றேன்.

"சாருக்கே தெரியலயா?" சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

சாயங்காலம் தூறல். மண்வாசனை வந்ததும் நின்றுவிட்டது.

ஆசிரியர் அறையில் யாரோ ஆயக்குடி கொய்யா கொண்டுவந்திருந்தார். இரண்டை மேரிக்கு என்று பையில் போட்டேன். நசுங்கிவிட்டன. நசுங்கினாலும் ருசி என்றாள்.

தைக்க வேண்டிய ரவிக்கைகள் கிடக்கின்றன. கல்யாண வீட்டுக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். மேரி அவர்களிடம், "எங்க சாருக்குப் பரீட்சை. வெள்ளிக்கெழமை தாரேன்" என்கிறாள். பரீட்சை என்ற வார்த்தை பிடித்திருந்தது.

கடைசிப் பகுதி வாசிக்கும்போது குரல் கம்மியது. தூக்கிலிடும் இடம் என்று நினைத்தேன். இல்லை, அதற்கு முன்னாலேயே. மூக்கை உறிஞ்சினாள். "சளி" என்றாள். சளியின் சத்தம் எனக்குத் தெரியாதா.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும் மேரி, பரவாயில்லை, அழாதே என்று. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவள் நிம்மதியாகத் தையலுக்குப் போய்விடுவாள். சிராஜ் வருவான், புதுக் குரல் வரும், இந்த நாற்காலி காலியாகும். எனக்கு அவள் வாசிப்பது அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. வரிக்கு நடுவில் "அடப்பாவி" என்கிறாள். துரோகி வந்தால் பக்கத்தைத் தாண்டிப் போகட்டுமா என்கிறாள். எனக்குச் சுயநலம். அதை எழுதிவிடுகிறேன்.

"இன்னொரு தடவ வாசிக்கவா?" என்று கேட்டாள், அழுத தொண்டையோடு.

பாடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "வாசி" என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆய்வு முடிந்தது.

ஒழுங்காக எழுத முயல்கிறேன். பிரெயில் ஊசி பிசகிக்கொண்டே இருக்கிறது.

ஆய்வுக்கு வந்த மேடம், பேச்சை வைத்துப் பார்த்தால், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர் போல. "ஏனுங்க சார், ஆரம்பிக்கலாமுங்களா?" பின் வரிசையில் உட்கார்ந்தார், பெஞ்சு கிறீச்சிட்டது. த.ஆ. பக்கத்தில், அவர் பாக்குத் தூள் வாசனை.

நான் தயார் செய்திருந்த முன்னுரை வேறு. எழுந்ததும் அது வரவில்லை. கேட்டேன்: "ஒரு ராணி படையோட நம்ம ஊருப் பக்கம் வந்து வருசக்கணக்கா தங்குறாங்க. அம்புட்டு பேருக்கும் யாரு வெஞ்சனம் வச்சது?"

வகுப்பு சிரித்தது. பிறகு யோசிக்க ஆரம்பித்தது. நத்தத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி முதலில்: "சார், எங்க ஊர்த் திருவிழாவுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கே அரிசி பத்தாது. படையோட வந்தா?" இன்னொரு பையன்: "விருப்பாச்சிக்காரர்தான் போட்டிருப்பாரு சார். குடியானவங்ககிட்ட வாங்கித்தான் போடணும்." "குடுக்க மாட்டேன்னு சொன்னா?" "வெள்ளக்காரன் எதிரின்னு தெரிஞ்சும் சோறு போட்டா, அதுவே சண்டைதான சார்?"

சொல்லிவிட்டான். நான் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். அதன் பிறகு பாடம் தானாக ஓடியது. மணி அடித்தது எனக்கே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அம்மா அருகில் வந்து, "அந்தக் கேள்வி எந்தப் புத்தகத்துல இருக்குதுங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரம்மா கேட்டதுங்க."

"அப்ப அவங்களுக்கும் சேத்து எழுதிப் போடறனுங்க."

த.ஆ. தோளில் கை வைத்து, "பிளஸ் ஒன் உங்களுக்குத்தான் சார்" என்றார். பாக்குத் தூள் எனக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மேரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட் திறக்கும் சத்தம், ரவிக்கைக்காரம்மா. போய்விட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சிராஜ் வந்தான். ராம் மாற்றினான், டிஸ்க்கை மாற்றினான், குரல் போட்டான். பெண் குரல். மூக்கடைப்பு இல்லை. தட்டிய நொடியில் வாசிக்கிறது. என் குறிப்பை ஒரு தடுக்கல் இல்லாமல் வாசித்தது.

எல்லாம் முடித்து டீ குடிக்கும்போது எனக்கு அறிவுரை. "இனிமே இந்த க்ளீனர் கருமாந்திரத்த எல்லாம் ஓட்டாதீங்க சார். நீங்க படிச்சவங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?"

"தெரியாம பண்ணிட்டேன்ப்பா" என்றேன்.

மேரி தட்டை டக்கென்று வைத்தாள். "அவர ஏசாதீங்க தம்பி. அவரு ஓட்டல. நாந்தான் ஓட்டுனேன்."

சொல்லிவிட்டாள். நான் காத்திருந்தது இதற்குத்தான், ஆனால் இப்படி எதிர்பார்க்கவில்லை. "எனக்குத் தெரியும் மேரி. ஞாயித்துக்கிழமையே தெரியும்."

சிராஜ் நல்லவன். நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தான். "அதுக்கென்னக்கா, சாருக்குக் கோவமே இல்ல. செவ்வாக்கெழமை நான் உடனே வாரேன்னு சொன்னப்பகூட, அவசரமில்ல, வெள்ளிக்கெழமை வான்னுதான் சொன்னாரு."

சிராஜ் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பு மாட்டினான்.

சமையலறைக்குப் போனேன். அரிவாள்மனையில் வெங்காயம்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் வாசிக்க விட்டீங்களா? ஒவ்வொரு வரிக்கும் செத்துச் செத்து வாசிச்சேன். எங்க உங்க பெரிய வகுப்பு போயிருமோ, எல்லாம் என்னாலதானோன்னு."

"நீ வாசிக்கிறது பிடிச்சிருந்துச்சு. குரல் வந்துட்டா நிறுத்திருவேன்னு பயம்."

நறுக்கும் சத்தம் நின்றது.

"பிடிச்சிருந்தா கேக்க வேண்டியதுதான? கல்யாணம் ஆன மறுநாளே சொன்னீங்க. எனக்குன்னு நீ எதையும் வாசிக்க வேணாம், நானே பாத்துக்கிருவேன்னு. பத்தாவது படிச்சவ வாசிச்சா உங்களுக்கு ஆகாதுபோலன்னு நெனச்சுக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

நான் அதைச் சொன்னது வேறு நினைப்பில். கண்ணுக்குப் பதிலாக ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அவளும் ஒருநாளும் அப்படி உணரக் கூடாது என்று. பெரிய மனது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்ட வார்த்தை அது. அவளுக்கு அது மூடிய கதவாக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"வெங்காயம் நறுக்கணும். நகருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

வெயில். அரை நாள் பள்ளி.

மேரி பேசவில்லை. சோறு சூடு, குழம்பில் காரம் சரியான அளவு. தட்டு வைக்கும் சத்தத்தில் கோபம் குறைந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

கைத்தடி ரப்பர் வாங்கினேன். எண்ணெய் மறந்துவிட்டது.

புதுக் குரலிடம் அடுத்த பாடத்தைக் கேட்டேன். பிழையே இல்லை. துரோகி வந்தபோதும் நிறுத்தாமல் வாசித்துப் போனது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்று அடங்கியிருக்கிறது. பூசைக்குப் போய் வந்தோம். வழியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பள்ளம் என்று சொன்னாள். அவ்வளவுதான்.

மதியம் சாப்பிட்டபின் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகப் பக்கம் புரளும் சத்தம். ரொம்ப நேரம் தைரியம் சேர்த்தேன். அதிகாரி முன்னால்கூட இவ்வளவு தைரியம் தேவைப்படவில்லை.

"மேரி, எனக்கு வாசிக்கிறியா?"

"என்ன பாடம்?"

"பாடம் இல்ல. நீ எதை வாசிச்சுக்கிட்டிருக்கியோ, அது."

பக்கம் புரள்வது நின்றது. "இது மாச நாவலுங்க. காதல் கதை. உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு வேணும்."

மாதாமாதம் வாங்குகிறாளாம். தையல் மெஷின் இழுப்பறையில் அடுக்கி வைத்திருக்கிறாளாம். எனக்கு இது தெரியவே தெரியாது. நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோள் இடித்தது.

கதாநாயகி வீட்டை விட்டு வந்து பழனி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள். கையில் ஒரு பை. அவன் வரவில்லை. நல்ல வாசிப்பு, எங்கும் தடுக்கவில்லை.

"பையில என்ன வச்சிருக்கா?" என்று கேட்டேன். "சாப்பிட ஏதாவது கொண்டுவந்தாளா?"

"செத்த நேரம் சும்மா இருங்களேன். கதையக் கெடுக்காதீங்க."

சும்மா இருந்தேன். அவன் வருகிறானா என்ற இடத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள், ரவிக்கை அளவு கொடுக்க. புத்தகத்தை என் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வெளியே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், இப்போதைக்கு வரமாட்டாள் போலிருக்கிறது. வரட்டும். வந்ததும் வாசிக்கச் சொல்லி மறுபடியும் கேட்பேன்.